ஐம்பது மீட்டரில் ஒரு துளை: கைக்கு அடக்கமான விலையில் ஸ்பாட்டிங் ஸ்கோப் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பாயிண்ட் 22 ரைஃபிளின் குண்டு காகித டார்கெட்டில் இடும் துளையின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அது ஒரு கொத்தமல்லி விதையைவிடச் சற்றே பெரியது. ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து வெறுங்கண்ணால் அதைக் காண இயலாது. அதிலும் நன்றாகச் சுடுபவருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஏனெனில் வெள்ளைக் காகிதத்தில் விழும் மோசமான துளையாவது மங்கலாகப் புலப்படலாம், நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள் விழும் நல்ல துளையோ கறுப்போடு கறுப்பாக மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ரேஞ்சில் சுடுவதை நிறுத்தச் சொல்லி, நூறு மீட்டர் நடந்து போய் வந்து, மீண்டும் படுத்து மூச்சைச் சீராக்கிக்கொள்வது கடலூர் வெயிலில் நடைமுறைக்கு ஒத்து வராது. அந்த நடையைத் தவிர்ப்பதற்காகவே, ரைஃபிளுக்குப் பக்கத்தில் தனிக் காலில் நிற்கும் சிறிய தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் தேவைப்படுகிறது.

ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்தவர் என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு, பத்து மீட்டரைத் தாண்டிச் சுடப் பழகும் ஆசையும் பலருக்கு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும், என்.சி.சி.யில் பாயிண்ட் 22 பிடித்துப் பழகிய பிறகு சொந்தமாகப் பயிற்சியைத் தொடர விரும்புவோரும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "சார், எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" அந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. எக்ஸ் எனப்படும் உருப்பெருக்கத்தின் எண்ணைப் பார்த்து ஸ்கோப் வாங்கக் கூடாது. நீங்கள் சுடும் தொலைவில், நீங்கள் சுடும் நேரத்து வெளிச்சத்தில், உங்கள் குண்டு இட்ட துளை தெரிகிறதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

முதல் படி: உங்களுக்கு ஸ்கோப் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளோ ஏர் பிஸ்டலோ மட்டும் சுடுபவர் பெரும்பாலும் இதை வாங்கவே வேண்டாம். அந்தத் தொலைவில் கம்பி இழுவையில் மாட்டிய அட்டையை இருந்த இடத்துக்கே வரவழைத்துப் பார்த்துவிடலாம். மின்னணு டார்கெட் உள்ள இடமானால் பக்கத்திலுள்ள திரையே எண்ணைச் சொல்லிவிடும். அப்படியும் பார்க்க ஆசைப்பட்டால், வீட்டில் கிடக்கும் பைனாகுலர் பத்து மீட்டரில் தெளிவாகக் குவிகிறதா என்று முதலில் சோதியுங்கள். அந்தப் பணத்தில் நல்ல பெல்லட் டப்பாக்கள் வாங்கிக்கொள்வது புள்ளியை நிச்சயமாக உயர்த்தும்.

இருபத்தைந்து மீட்டரில் ஸ்கோப் வசதியானது. ஐம்பது மீட்டரில் காகித டார்கெட்டில் பழகுபவருக்கு அது கட்டாயம். நூறு மீட்டருக்கு மேல் போகிறவரின் கணக்கு முற்றிலும் வேறு, செலவும் வேறு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஐம்பது மீட்டர்க்காரரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

இரண்டாம் படி: உருப்பெருக்கத்தைக் காசில்லாமல் கணக்கிடுங்கள்

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டார்கெட்டின் தொலைவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் தொலைவில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பது போலத்தான் ஸ்கோப் காட்டும். ஐம்பது மீட்டரை 25 மடங்கில் பார்த்தால் இரண்டு மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம். நூறு மீட்டரை 40 மடங்கில் பார்த்தால் இரண்டரை மீட்டர். முந்நூறு மீட்டரை 60 மடங்கில் பார்த்தால் ஐந்து மீட்டர்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அலுவலகங்களில் கோப்புக்குத் துளையிடும் பஞ்ச் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலத் துளையை இடும். அது பாயிண்ட் 22 துளைக்கு மிக அருகில் உள்ள அளவு. கறுப்புச் சார்ட் காகிதத்தில் நாலைந்து துளைகள் இட்டு, அதற்கு ஒரு விரற்கடை பின்னால் இன்னொரு கறுப்புக் காகிதம் இருக்கும்படி சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டரில் நின்று பாருங்கள். அங்கிருந்து துளைகளை எண்ண முடிந்தால் 25 மடங்கு உங்கள் கண்ணுக்குப் போதும். முடியாவிட்டால் முன்னே நகர்ந்து, எண்ண முடிகிற இடத்தை அளந்து, ஐம்பதை அந்த மீட்டர் கணக்கால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டரில் தெரிந்தால் 33 மடங்கு என்று பொருள். மலிவு லென்ஸும் காலின் ஆட்டமும் வெயில் காற்றும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், கிடைத்த விடையோடு ஐந்தாறு மடங்கு கூட்டிக்கொள்வது விவேகம். இத்தனையும் செய்தால் பெரும்பாலோரின் தேவை 25-க்கும் 40-க்கும் இடையில்தான் வந்து நிற்கும். அறுபது என்ற எண் விளம்பரத்துக்கு மட்டுமே உதவும்.

பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை பார்த்துப் பழகியவர்களுக்கு இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். கூரிய பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது 60 விகலை அளவை மட்டுமே பிரித்துக் காணும். ஐம்பது மீட்டரில் 5.6 மில்லிமீட்டர் துளை விரிக்கும் கோணமோ 23 விகலைதான். இருபது மடங்கில் அது ஏழரைக் கலையைத் தாண்டிவிடுவதால் கண்ணுக்கு வசதியாக எட்டுகிறது.

மூன்றாம் படி: ஸ்கோப்பின் மேலுள்ள எண்களைப் படியுங்கள்

"20-60×80" என்று எழுதியிருந்தால், உருப்பெருக்கம் 20 முதல் 60 வரை மாறும், முன் லென்ஸின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். இரண்டாவது எண்ணை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸின் பின்னால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். எண்பதை இருபதால் வகுத்தால் 4 மில்லிமீட்டர். அறுபதால் வகுத்தால் 1.3. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். எனவே கற்றை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத இடத்தில் பார்வை வெளிச்சமாகவும் இதமாகவும் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் உருவம் மங்கும், நம் கண்ணுக்குள் மிதக்கும் தூசு இழைகள்கூடக் குறுக்கே ஓடுவது தெரியும்.

இந்த ஒரு வகுத்தல் கணக்கே பாதி ஏமாற்றுகளை அம்பலப்படுத்திவிடும். "10-300×40" என்று எழுதிய பாக்கெட் அளவுத் தொலைநோக்கிகள் இணையக் கடைகளில் நிறைய விற்கின்றன. நாற்பதை முந்நூறால் வகுத்துப் பாருங்கள், 0.13 மில்லிமீட்டர் வரும். ஊசித் துளை வழியாக உலகத்தைப் பார்ப்பது போன்றது அது. நானும் ஆரம்பத்தில் அப்படியொன்றை வாங்கி, பெட்டியைப் பிரித்த அன்றே அது உண்மையில் எட்டு மடங்குதான் பெரிதாக்குகிறது என்று கண்டுபிடித்தவன். ஆகையால் வாங்கியவர் எவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

முப்பது மடங்குக்கு இரண்டு மில்லிமீட்டர் கற்றை வேண்டுமென்றால் முன் லென்ஸ் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதுவே ஐம்பது மீட்டருக்கு ஏற்ற அளவு. 60-க்கும் 65-க்கும் இடையிலுள்ள ஸ்கோப்தான் விலைக்கும் எடைக்கும் ஒளிக்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. எண்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியைச் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் உச்சி வெயிலில் ஐம்பது மீட்டரில் அந்தக் கூடுதல் ஒளியால் பெரிய லாபமில்லை, கனமும் அதைத் தாங்கும் காலின் விலையும் மட்டும் ஏறும். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸோ, இருபது இருபத்தைந்து மடங்கோடு திருப்தி அடைபவருக்குப் போதுமானது. ஒரே விலையில் மலிவான 80-உம் நேர்த்தியான 60-உம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு 60-ஐ எடுங்கள்.

லென்ஸ்பூச்சைப் பற்றி ஒரு சொல். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் அப்படிப் பல பரப்புகள் உண்டு. விளம்பரத்தில் வெறும் "கோட்டட்" என்றிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ ஒரு பூச்சு என்று கொள்ளலாம். "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்றிருப்பதே எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்ற உறுதிமொழி. உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்தில் பிஏகே-4 வகைக் கண்ணாடி பிகே-7 வகையைவிட மேலானது. ஸ்கோப்பைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி ஐபீஸைப் பார்த்தால், அந்த ஒளிவட்டம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே மலிவுப் பிரிசம் இருக்கிறது.

நான்காம் படி: நேர் ஐபீஸா, சாய்ந்த ஐபீஸா

துப்பாக்கி சுடுபவருக்குச் சாய்ந்ததே சிறந்தது. 45 பாகை சாய்ந்த ஐபீஸ் இருந்தால், படுத்த நிலையில் ரைஃபிளைத் தோளிலிருந்து எடுக்காமல் தலையைச் சற்றே திருப்பிப் பார்த்துவிடலாம். நேர் ஐபீஸோ உங்களை எழுந்து குனிந்து தேட வைக்கும், அதற்குள் உடலின் அமைப்பே கலைந்துவிடும். வலக்கைக்காரர் படுத்துச் சுடும்போது ஸ்கோப்பை இடப்பக்கம் முன்னால், இடக்கண்ணுக்கு அருகில் ஐபீஸ் வரும்படி வைத்துக்கொள்வது வழக்கம். அதற்காக ஸ்கோப்பின் உடலைக் காலோடு பிணைக்கும் கழுத்துப் பட்டைக்குள் சுழற்றி ஐபீஸைப் பக்கவாட்டில் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். இந்தச் சுழலும் பட்டை இல்லாத ஸ்கோப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கண்ணாடி அணிபவர் ஐபீஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தொலைவைக் கேட்டறிய வேண்டும். அது 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கண்ணாடியோடு முழு வட்டமும் தெரியாது. ஜூம் ஐபீஸ்களில் உருப்பெருக்கம் கூடும்போது இந்த இடைவெளி குறைவதும் உண்டு. ஆகவே இரண்டு முனைகளிலும் பார்த்துவிடுங்கள்.

வானத்தைப் பார்க்கும் சிறு டெலஸ்கோப் வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர் உண்டு. பயன்படுத்தலாம், ஆனால் அவற்றில் பல உருவத்தைத் தலைகீழாகவோ இடவலமாகவோ மாற்றிக் காட்டும். இடவலம் மாறினால் மூன்று மணிப் பக்கம், அதாவது வலப்பக்கம், விழுந்த துளை ஒன்பது மணிப் பக்கம் தெரியும். அதை நம்பி ரைஃபிளின் குறிபார்க்கும் சைட்டைத் திருகினால் அடுத்த குண்டு இன்னும் தள்ளிப் போகும்.

ஐந்தாம் படி: காலுக்குப் பணம் ஒதுக்குங்கள்

பெட்டியோடு இனாமாக வரும் ஒரு சாண் உயர மேசைக் காலைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். முப்பது மடங்கில் பார்க்கும்போது உங்கள் நடுக்கமும் முப்பது மடங்காகத் தெரியும். குவியத்தைத் திருக விரல் பட்டதுமே டார்கெட் துள்ளிக் குதிக்கும். பத்தாயிரம் ரூபாய் கையில் வைத்திருப்பவர் அதில் மூன்றில் ஒரு பங்கைக் காலுக்காக எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு ஸ்கோப் தேட வேண்டும் என்பது என் கணக்கு. பழைய கேமரா டிரைபாட் இருந்தால் செலவே இல்லை. பெரும்பாலான ஸ்கோப்களின் அடியில் கேமராவுக்குரிய கால் அங்குலத் திருகுமரையே இருக்கும்.

படுத்து, மண்டியிட்டு, நின்று என மூன்று நிலையிலும் சுடுபவருக்குத் தரையை ஒட்டியும் நின்றவர் கண் உயரத்துக்கும் நீளும் கால் தேவை. நடுக்கம்பத்தின் அடியில் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கடற்காற்றுக்குக் கால் அசையாது. ஸ்கோப்பும் காலும் சுடும் கோட்டுக்கு முன்னால் போகாமலும், பக்கத்தில் சுடுபவரின் இடத்துக்குள் நுழையாமலும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் படி: வாங்கும் முன், அல்லது திருப்பித் தரும் நாள் முடியும் முன், வெளியில் சோதியுங்கள்

கடையின் குளிர்ந்த அறைக்குள் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். இணையத்தில் வாங்குபவர் திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று முதலில் பார்த்துக்கொண்டு, பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதல் இரண்டு நாளிலேயே சோதனையை முடித்துவிட வேண்டும்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் மணல்வெளி காலை நேரத்தில் இதற்கு நல்ல இடம். கடலுக்கு முதுகு காட்டி மேற்கு நோக்கி நில்லுங்கள். சூரியன் பின்னால் இருப்பதால் காகிதத்தில் வெளிச்சம் நேராக விழும். நம் கரை கிழக்கு பார்த்தது என்பதை மறக்க வேண்டாம். உதயத்தைப் பார்க்கிறேன் என்று யாராவது ஸ்கோப்பைக் கடல் பக்கம் திருப்பினால் ஒரு கணத்தில் கண் பறிபோகும். சிறுவர்கள் உடன் இருந்தால் ஸ்கோப்பிலிருந்து கையை எடுக்காமல் நில்லுங்கள். புதுச்சேரியில் இருப்பவர் கடற்கரைச் சாலையில் சோதிக்கலாமே என்று நினைக்கக்கூடும். ஆனால் வீடுகளும் அரசு கட்டடங்களும் நெருங்கி நிற்கும் இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண் விசாரணைக்கு வழிவகுக்கும். ஊருக்கு வெளியே ஒரு திடலைத் தேடிக்கொள்ளுங்கள்.

பஞ்ச் துளையிட்ட அதே கறுப்புக் காகிதத்தை அட்டையில் ஒட்டி ஐம்பது மீட்டர் அளந்து நடுங்கள். துளைகள் எத்தனை என்பதை உங்களுக்குச் சொல்லாமல் இன்னொருவர் இட்டுத் தருவது நல்லது. தெரிந்த எண்ணைக் கண் தானாகவே "பார்த்துவிடும்". குறைந்த மடங்கில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்துக்கு மேல் உருவம் பெரிதாகுமே தவிரத் தெளிவு கூடாது. அந்த இடம்தான் உங்கள் ஸ்கோப்பின் உண்மையான உச்சம். 20-60 என்று எழுதிய மலிவு ஸ்கோப்பில் அது 35, 40-லேயே வந்துவிடுவது வழக்கம். அதனால் வருந்த வேண்டாம், உங்களுக்கு அதற்கு மேல் தேவையுமில்லை. பிறகு வானத்தின் எதிரே தெரியும் தென்னங்கீற்றின் விளிம்பைப் பாருங்கள். ஊதாக் கோடு மெலிதாக ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டையாக ஓடினால் திருப்பி அனுப்புங்கள். இந்தக் கோட்டைக் குறைக்கும் ஈடி கண்ணாடிக்கு விலை ஏறுகிறது. ஐம்பது மீட்டர்க் காகிதத்துக்கு அது ஆடம்பரம்.

மீண்டும் நண்பகலில் ஒரு முறை பாருங்கள். மண் சூடேறியதும் கானல் எழுந்து துளைகள் நெளியத் தொடங்கும். அது ஸ்கோப்பின் குற்றமல்ல. மடங்கைக் குறைத்தால் நெளிவும் குறையும். சொல்லப்போனால் அந்த நெளிவே ஒரு செய்தி. டார்கெட்டுக்குச் சற்று முன்னால் குவியத்தை வைத்துப் பார்த்தால் கானல் ஓடும் திசை தெரியும். இடமிருந்து வலம் ஓடினால் காற்றும் அப்படியே வீசுகிறது. நேர் மேலே கொதித்தெழுந்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது சுடும் கோட்டின் வழியாகவே வீசுகிறது. கோடை நாளில் காலையில் தரைக்காற்றாக இருந்தது நண்பகல் வாக்கில் கடற்காற்றாகத் திரும்பும் நம் ஊரில், அந்தத் திருப்பத்தைக் கொடித்துணியைவிட முன்னதாகக் கானல் காட்டிக் கொடுப்பதும் உண்டு.

துளை இன்னும் தெரியவில்லை என்றால் அதிக விலை ஸ்கோப்புக்குப் போவதற்கு முன் டார்கெட்டுக்குப் பின்னால், சற்று இடைவெளி விட்டு, வெள்ளையோ பளிச்சென்ற மஞ்சளோ ஆன காகிதத்தை மாட்டிப் பாருங்கள். கறுப்பில் இட்ட துளை வெளிச்சப் புள்ளியாக ஒளிரும். இரண்டு ரூபாய்க் காகிதம் பல ஆயிரம் ரூபாய் லென்ஸின் வேலையைச் செய்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏழாம் படி: உப்புக்கும் பூஞ்சைக்கும் முன்னேற்பாடு

வெளியூர் வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் முடித்துவிடும். கடலோரத்தில் இருப்பவருக்கு அது போதாது. நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப் என்றால் உள்ளே ஆவி படியாது, பூஞ்சையும் எளிதில் புகாது. ஆகவே இரண்டு ஸ்கோப்களுக்கு இடையே தடுமாறினால் அடைத்த உடலுக்கே என் வாக்கு. பழைய ஸ்கோப் வாங்குபவர் முன் லென்ஸின் வழியாகக் கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை போலக் கிளைத்த மெல்லிழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரேஞ்சிலிருந்து திரும்பியதும் லென்ஸை வேட்டித் தலைப்பாலோ சட்டையாலோ துடைக்கக் கூடாது. கடற்காற்றில் வந்து படிந்த உப்பும் நுண்மணலும் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியாகத் திரவம் தொட்ட லென்ஸ் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவிட்டால் லென்ஸில் பனி படியாது.

ஓர் இரவு முழுதும் உலர விட்டு, மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தோல் உறையில் வைத்து மூடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி நல்லதுதான். ஆனால் 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு கடலூரில் மின்சாரம் திரும்ப எத்தனை நாளானது என்பதை நினைவில் வைத்திருப்பவர், நிறம் மாறிக் காட்டும் சிலிக்கா ஜெல்லையும் கூடவே வாங்கிவைப்பார். நிறம் மாறியதும் அதை வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் இதை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.